ஸ்பாம் ஃபோல்டருக்குப் பெயர் கொடுத்த தகர டப்பா



போன பொதுக்குழுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் குறைவு. செயலாளர் அனுப்பிய மின்னஞ்சல் பாதிப் பேருக்கு ஸ்பாம் ஃபோல்டரில் போய் விழுந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. கோரம் சேராமல் அரை மணி நேரம் காத்திருந்தோம். அப்போது சி பிளாக்கிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். "அதென்னம்மா ஸ்பாம்? குப்பைன்னு அர்த்தமா?"

"இல்லைங்க சார். டின்ல அடைச்சு விக்கிற பன்றி இறைச்சியோட பேரு அது" என்றேன்.

முகத்தைச் சுளித்துக்கொண்டார். "அதையெல்லாம் யாரும்மா வாங்கிச் சாப்பிடுறது?"

பதில் சொல்வதற்குள் கோரம் சேர்ந்துவிட்டது. அதனால்தான் இந்த இதழில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை. இந்த டின்னில் இருப்பதை நான் ருசி பார்த்ததும் இல்லை. பெரியவரைப் போலவே நானும் ஒரு முறை இதைப் பார்த்துச் சிரித்தவள்தான்.

என் மகள் சில வருடங்கள் தென் கொரியாவில் வேலை பார்த்தாள். அங்கே சூசொக் என்று ஓர் அறுவடைத் திருநாள் உண்டு. நம் பொங்கல் மாதிரி. அதற்கு அவள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு பரிசுப் பெட்டி கொடுத்தார்கள். அழகான அட்டைப் பெட்டி, பிடித்துத் தூக்கக் கைப்பிடி, உள்ளே வரிசையாக ஸ்பாம் டின்கள். போட்டோ அனுப்பினாள். "தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பாங்க. இது என்னடி கூத்து?" என்று சிரித்தேன். அவள் அந்தப் பெட்டியைத் தன் வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். எண்பது வயதை நெருங்கிய பாட்டி.

"சிரிக்காதம்மா. அந்தப் பாட்டி ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு, தலை குனிஞ்சு நன்றி சொன்னாங்க. மறுநாள் எனக்கு ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்பிட்டாங்க" என்றாள்.

ஒரு தகர டப்பாவுக்கு அவ்வளவு மரியாதையா என்று எனக்கு உறுத்தியது. அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பட்டாளத்துப் பசி

டின் உணவின் கதை சமையலறையில் தொடங்கவில்லை, போர்க்களத்தில் தொடங்கியது. 1795-ல் பிரான்ஸ் நாடு சுற்றிலும் போர் நடத்திக்கொண்டிருந்தது. படைக்கு அனுப்பும் உணவு வழியிலேயே கெட்டுப்போனது. உணவைக் கெடாமல் வைக்க வழி சொல்பவருக்கு 12,000 பிராங்க் பரிசு என்று அரசு அறிவித்தது.

நிக்கோலா அப்பேர் என்ற மிட்டாய்க் கடைக்காரர் பல வருடம் சோதனை செய்தார். கண்ணாடிப் பாத்திரத்தில் உணவைப் போட்டு, காற்றுப் புகாமல் தக்கை வைத்து அடைத்து, அந்தப் பாத்திரத்தையே கொதிநீரில் வேகவைத்தார். உணவு மாதக்கணக்கில் கெடவில்லை. 1810-ல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஏன் கெடவில்லை என்பது மட்டும் அவருக்கும் தெரியாது, பரிசு கொடுத்தவர்களுக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் காரணம் என்று லூயி பாஸ்டர் விளக்க இன்னும் ஐம்பது வருடம் ஆனது.

அதே 1810-ல் லண்டனில் பீட்டர் டியூராண்ட் என்பவர் கண்ணாடிக்குப் பதில் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டில் டப்பா செய்து அடைக்கலாம் என்று காப்புரிமை வாங்கினார். பிரையன் டான்கின் என்ற பொறியாளரும் அவருடைய கூட்டாளிகளும் அந்த உரிமையை வாங்கித் தொழிற்சாலை தொடங்கி, 1813 வாக்கில் பிரிட்டிஷ் கடற்படைக்கு டின் இறைச்சி சப்ளை செய்ய ஆரம்பித்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டப்பாவைக் கண்டுபிடித்தவர்கள் அதைத் திறக்கும் கருவியைக் கண்டுபிடிக்கவில்லை. உளியும் சுத்தியலும் வைத்து மேல் விளிம்பைச் சுற்றி வெட்டவும் என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. டின் ஓப்பனர் என்ற கருவி 1850-களில்தான் வந்தது. ஏறத்தாழ நாற்பத்தைந்து வருடம் மனிதர்கள் உளியால் உடைத்துத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

எல்லா டின்னும் நல்ல டின் அல்ல. 1852-ல் பிரிட்டிஷ் கடற்படைக் கிடங்கில் சோதனை போட்டபோது ஒரு ஒப்பந்ததாரர் கொடுத்த டின்களில் பெரும்பாலானவை அழுகிக் கிடந்தன. விலையைக் குறைத்து ஒப்பந்தம் எடுத்தவர் வேகவைக்கும் நேரத்தையும் குறைத்துவிட்டார் என்று பேசப்பட்டது. குறைந்த டெண்டரை மட்டும் பார்த்துப் பெயின்டிங் கான்ட்ராக்ட் கொடுத்து நாம் பட்ட பாடு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

மிச்சத்தில் பிறந்த சரக்கு

நான் பி.காம். படித்த காலத்தில் காஸ்ட் அக்கவுண்டிங்கில் துணைப்பொருள் என்று ஒரு பாடம் உண்டு. சர்க்கரை ஆலைக்கு மொலாசஸ் எப்படியோ, அப்படி. முக்கியப் பொருளைத் தயாரிக்கும்போது மிஞ்சுவதைக் காசாக்குவது. டின் இறைச்சியின் வரலாறு முழுக்க இந்தப் பாடம்தான்.

தென் அமெரிக்காவின் உருகுவே நாட்டுப் புல்வெளிகளில் லட்சக்கணக்கில் மாடுகள் மேய்ந்தன. ஆனால் ஐரோப்பாவில் விலை போனது தோல் மட்டும்தான். குளிர்சாதனக் கப்பல் வராத காலம். இறைச்சியைக் கொண்டுபோக வழியில்லாமல் பெரும்பகுதி வீணானது. 1865-ல் தொடங்கிய லீபிக் கம்பெனி, ஃப்ரே பென்டோஸ் என்ற ஆற்றங்கரை ஊரில் ஆலை வைத்து அந்த இறைச்சியைக் காய்ச்சிச் சாறாக்கி ஜாடியில் அடைத்தது. பிறகு உப்பிட்ட மாட்டிறைச்சியை டின்னில் அடைத்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் தின்று தின்று வெறுத்த புல்லி பீஃப் இந்த வகைதான். அந்த ஆலை வளாகம் 2015 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஸ்பாமும் அப்படியே. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆஸ்டின் என்ற சிறு ஊர். அங்கே 1891-ல் தொடங்கப்பட்டது ஹார்மல் கம்பெனி. பன்றியின் தொடைப் பகுதி நல்ல விலைக்குப் போனது. தோள்பட்டை இறைச்சியை எலும்பிலிருந்து பிரிப்பது சிரமம், விலையும் இல்லை. நிறுவனரின் மகன் ஜே ஹார்மல் அந்தத் தோள்பட்டை இறைச்சியை அரைத்து, தொடை இறைச்சியையும் உப்பையும் சர்க்கரையையும் சேர்த்து, டின்னில் அடைத்து, டின்னோடு வேகவைத்தார். 1937-ல் சந்தைக்கு வந்தது. 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம் டப்பா. ஐஸ் பெட்டி வேண்டாம், சமைக்கவும் வேண்டாம், திறந்தால் சாப்பிடலாம்.

பெயர் வைக்க ஒரு போட்டி. கம்பெனி அதிகாரி ஒருவரின் சகோதரர், நடிகர் கென் டேக்னோ, "ஸ்பாம்" என்றார். 100 டாலர் பரிசு. மசாலா சேர்த்த ஹாம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

திகட்டத் திகட்ட

அமெரிக்காவில் அது ஏழை எளியவர்களின் அவசர உணவாக ஓடிக்கொண்டிருந்திருக்கும். இரண்டாம் உலகப் போர் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 1941 மார்ச்சில் லெண்ட்-லீஸ் சட்டம் நிறைவேறி, அமெரிக்காவிலிருந்து நேச நாடுகளுக்கு ஆயுதத்தோடு உணவும் கப்பல் ஏறியது. பிரிட்டனில் 1940-லேயே இறைச்சிக்கு ரேஷன் வந்துவிட்டது. போர் முடிந்த பிறகும் விடவில்லை. 1954 ஜூலை வரை, மொத்தம் பதினான்கு வருடம். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். அந்த வருடங்களில் ஒரு ஸ்பாம் டின் கிடைத்தால் அன்று விருந்து. பிற்காலத்தில் பிரதமரான மார்கரெட் தாட்சர், போர்க்காலக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தன் வீட்டில் ஒரு ஸ்பாம் டின்னைத் திறந்ததைப் பல வருடம் கழித்தும் ஆசையாக நினைவுகூர்ந்தார்.

சோவியத் நாட்டின் நிலை இன்னும் மோசம். நல்ல விளைநிலங்கள் ஜெர்மானியர் கையில் போய்விட்டன. ரஷ்யர்களின் ருசிக்கு ஏற்ப வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை போட்டு துஷோன்கா என்ற டின் பன்றி இறைச்சியை அமெரிக்க ஆலைகளே தயாரித்து அனுப்பின. ஸ்பாம் வராமல் இருந்திருந்தால் எங்கள் படைக்குச் சோறு போட்டிருக்க முடியாது என்ற பொருளில் குருஷ்சேவ் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவை எதிர்த்து நின்ற தலைவர் சொன்னது என்பதால் இதற்குக் கனம் அதிகம்.

அதே டின்னை அமெரிக்கச் சிப்பாய்கள் வெறுத்தார்கள். காலையில் அது, மதியம் அது, இரவும் அது. ஹார்மல் தயாரிக்காத மட்டமான டின்னுக்குக்கூட ஸ்பாம் என்றே பெயர் வைத்துத் திட்டினார்கள். போரின்போது தளபதியாக இருந்து பிறகு ஜனாதிபதியான ஐசனோவர், 1966-ல் ஹார்மலின் முன்னாள் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தானும் அதைச் சாப்பிட்டதாகவும், சில கடுமையான வார்த்தைகள் சொன்னதாகவும் ஒப்புக்கொண்டார். இவ்வளவு அதிகமாக அனுப்பியதுதான் நீங்கள் செய்த ஒரே பாவம், அதை மன்னித்துவிட்டேன் என்று வேடிக்கையாக எழுதினார்.

பிரிட்டனில் அடுத்த தலைமுறைக்கும் இது கேலிப் பொருளானது. 1970-ல் மான்ட்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழு தொலைக்காட்சியில் ஒரு காட்சி நடித்தது. ஒரு ஹோட்டலில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பாம் இருக்கும். மற்ற பேச்சே காதில் விழாதபடி ஒரு கூட்டம் ஸ்பாம், ஸ்பாம் என்று பாடும். பின்னாளில் கணினி வலையமைப்புகளில் வேண்டாத செய்திகள் வந்து குவிந்தபோது, அந்தக் காட்சியை ரசித்தவர்கள் அதற்கும் ஸ்பாம் என்று பெயர் வைத்தார்கள். நம் செயலாளரின் மின்னஞ்சல் போய் விழுந்த ஃபோல்டருக்கு வந்த பெயர் இது. சி பிளாக் சாருக்கு முதல் கேள்விக்கான பதில் இத்தோடு முடிந்தது.

சிரிக்காத ஊர்கள்

இரண்டாவது கேள்விக்கு வருவோம். யார் சாப்பிடுகிறார்கள்?

ஹவாய்த் தீவுகளில் மட்டும் வருடத்துக்குச் சுமார் 70 லட்சம் டின் விற்கிறது என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. அங்கே மக்கள்தொகை சுமார் 14 லட்சம். கைக்குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு 5 டின். காரணம் ருசி மட்டுமல்ல. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் ஹவாயில் ராணுவச் சட்டம் வந்தது. அங்கே மீன்பிடித் தொழில் பெரும்பாலும் ஜப்பானிய வம்சாவளியினர் கையில் இருந்தது. அவர்கள் கடலுக்குப் போகத் தடை, படகுகள் பறிமுதல். சுற்றிலும் கடல் இருந்தும் மீன் இல்லை. ராணுவத்தோடு வந்த டின் இறைச்சி அந்த இடத்தை நிரப்பியது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்த ஜப்பானியர், சீனர், பிலிப்பினோக்கள், கொரியர்கள் எல்லோரும் அதைத் தங்கள் சோற்றோடு சேர்த்துக்கொண்டார்கள். இன்று வறுத்த ஸ்பாம் துண்டைச் சோற்றுக் கட்டியின் மேல் வைத்துக் கடற்பாசித் தாளால் சுற்றிய முசுபி, அங்கே பெட்ரோல் பங்க் கடையில்கூடக் கிடைக்கும். நம் ஊர் டீக்கடையில் வடை மாதிரி.

குவாம், ஒகினாவா, பிலிப்பைன்ஸ் என்று இது நிலைத்துவிட்ட மற்ற ஊர்களின் பட்டியலைப் பாருங்கள். அமெரிக்கப் படைமுகாம் இருந்த இடங்களின் பட்டியலும் ஏறத்தாழ அதுவேதான்.

கொரியாவின் கதை எல்லாவற்றிலும் கசப்பானது. 1950 முதல் 1953 வரை நடந்த போரில் நாடு சுடுகாடானது. இறைச்சியைக் கண்ணால் பார்க்க முடியாது. அமெரிக்க முகாம்களுக்கு வெளியே மக்கள் காத்து நின்றார்கள். சிப்பாய்கள் தின்றுவிட்டுப் போட்ட மிச்சம் மீதியை வாங்கிவந்து தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். அதற்குப் பன்றிக் கஞ்சி என்று பொருள்படும் பெயர் இருந்தது. பன்றிக்குப் போடுவதைத் தின்கிறோம் என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொண்ட பெயர். முகாமிலிருந்து திருட்டுத்தனமாக வெளியே வந்த ஸ்பாமும் தொத்திறைச்சியும் கைமாறின. மாட்டிக்கொண்டால் தண்டனை. அந்த டின் பணக்காரப் பொருளானது அப்படித்தான்.

மெல்ல மெல்ல அந்தக் கஞ்சியில் கிம்ச்சி சேர்ந்தது, மிளகாய் விழுது சேர்ந்தது, நூடுல்ஸ் சேர்ந்தது. பெயரும் மாறியது. புதே ஜிகே, அதாவது படைமுகாம்க் குழம்பு. சியோலுக்கு வடக்கே உய்ஜொங்பு என்ற ஊரில் இதற்கென்றே ஒரு தெரு இருக்கிறது. குடும்பத்தோடு போய் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். 1987 முதல் ஸ்பாமை உரிமம் பெற்றுக் கொரியாவிலேயே தயாரிக்கிறார்கள். திருநாள் பரிசுப் பெட்டி வந்தது இந்த வழியில்.

என் மகளின் வீட்டுக்காரப் பாட்டி போரின்போது சிறு குழந்தை. அவர் என்ன சாப்பிட்டு வளர்ந்தார் என்று என் மகள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருந்திருக்காது.

மஞ்சள் உப்புமா

இவ்வளவையும் படித்து முடித்த பிறகுதான் என் சொந்தக் கணக்கு ஒன்று எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பசித்தவர்களுக்கு உணவு அனுப்ப 1945-ல் அமெரிக்காவில் ஒரு அமைப்பு தொடங்கினார்கள். பெயர் கேர். 1946-ல் பிரான்சில் போய் இறங்கிய அதன் முதல் பெட்டிகள், ராணுவத்திடம் மிச்சமாகக் கிடந்த ரேஷன் பெட்டிகள். டின் இறைச்சியும் அவற்றில் இருந்தது. பிறகு அதே அமைப்பு நம் நாட்டுக்கும் வந்தது. காமராஜர் 1956-ல் விரிவாகத் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு, 1960-களில் கேர் கொடுத்த பால் பவுடரும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. நமக்கு டின் இறைச்சி வரவில்லை. ஆனால் கை ஒன்றுதான், அமெரிக்கப் பண்ணைகளில் மிஞ்சிய சரக்கு என்ற கணக்கும் ஒன்றுதான்.

அந்த மாவில் கிண்டிய மஞ்சள் உப்புமாவைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். மில்லில் அப்பாவுக்கு வேலை நின்றுபோன வருடம் அது. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பேன். பாதியைச் சாப்பிட்டுவிட்டு மீதியைத் தம்பிக்காகத் தூக்குச் சட்டியில் கொண்டுவருவேன். அம்மா ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார்கள். "மாமா வீட்டுல யாரு கேட்டாலும் ஸ்கூல்ல சாப்பிட்டேன்னு சொல்லக் கூடாது." நானும் சொல்லவில்லை. வங்கியில் வேலை கிடைத்து, கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்த பிறகும் சொல்லவில்லை. இந்த இதழில்தான் முதல் முறையாக எழுதுகிறேன்.

ஆனால் அந்த உப்புமாவின் வாசனை மட்டும் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். சூப்பர் மார்க்கெட்டில் சோள மாவுப் பொட்டலத்தைப் பார்த்தால் கை தானாகப் போகும். வீட்டில் கிண்டிப் பார்த்திருக்கிறேன். என் கணவருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ருசி மாவில் மட்டும் இருந்ததில்லை, அன்றைய என் பசியிலும் இருந்தது.

டின் இறைச்சி ஏன் இன்னும் விற்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். விலை குறைவு, கெடாது, எங்கும் கிடைக்கும் என்பதெல்லாம் உண்மை. 2020 ஊரடங்கில் உலகம் முழுக்க அதன் விற்பனை ஏறியதற்கும் அதுவே காரணம். ஆனால் ஒரு கையிருப்புப் பொருளை யாரும் திருநாள் பரிசாகக் கொடுக்க மாட்டார்கள். பசித்த காலத்தில் வயிற்றை நிரப்பியதைப் பசி தீர்ந்த பிறகு அந்த ஜனங்கள் தூக்கிப் போடவில்லை. தங்கள் சோற்றோடும் கிம்ச்சியோடும் சேர்த்துத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். நானோ என் மஞ்சள் உப்புமாவை ஐம்பது வருடத்துக்கு மேல் ஒளித்துவைத்தேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நம் டாக்டர் குடியிருப்பாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். இந்த டின்னில் உப்பு மிக அதிகம். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 2,000 மில்லிகிராம் சோடியம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஸ்பாமில் இரண்டு துண்டிலேயே அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கிறது. இப்படிப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று 2015-ல் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியது. மரியாதை வேறு, மாதாந்திர மளிகைப் பட்டியல் வேறு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் 3 பிளாக்குகளிலும் பல ஊர்க்காரர்கள், பல வகைச் சமையல்காரர்கள் இருக்கிறோம். உங்கள் வீட்டிலும் கஷ்ட காலத்தில் வந்து தங்கிவிட்ட உணவு ஒன்று இருக்கும். கேழ்வரகுக் கூழோ, மரவள்ளிக் கிழங்கோ, ரேஷன் கோதுமையில் சுட்ட தோசையோ. எதுவாக இருந்தாலும் ஒரு பக்கம் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த இதழில் சேர்த்துப் போடலாம் என்று ஆசிரியர் குழுவில் சொல்லியிருக்கிறார்கள்.

மின்னஞ்சலில் அனுப்பினாலும் சரி. ஸ்பாம் ஃபோல்டரையும் திறந்து பார்ப்பதாகச் செயலாளர் உறுதி கொடுத்திருக்கிறார்.